காதால் எண்ணிய வண்டிகள்

தப்பு முழுக்க என்னுடையதுதான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஏனென்றால் போகப் போக நான் அத்தானைத் திட்டுவேன், என் மேலதிகாரியைத் திட்டுவேன், குழுத் தலைவரையும் விட்டுவைக்க மாட்டேன். அப்போது "இவள் மட்டும் என்ன யோக்கியமா?" என்று நீங்கள் கேட்கக் கூடாது பாருங்கள், அதற்காக.

நகராட்சிப் பொறியியல் அலுவலகத்தில் எனக்கு வேலை, சாலைச் சத்தத்தைக் கணக்குப் போடுவது. ஒரு சாலையில் எத்தனை வண்டி ஓடுகிறது, என்ன ரகம், என்ன வேகம், தார் எப்படிப்பட்டது, வீடு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையெல்லாம் கணினிக்குள் கொட்டினால், அந்த வீட்டு ஜன்னலில் இன்றைக்கு எத்தனை டெசிபல், பன்னிரண்டு வருஷம் கழித்து எத்தனை டெசிபல் என்று அது சொல்லும். ஏழு வருஷமாக இதைச் செய்கிறேன். இந்த ஏழு வருஷத்தில் ஒரு ஈ காக்காய் வந்து "கணக்கு நல்லா இருக்கும்மா" என்று சொன்னதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நான் செய்த முட்டாள்தனத்துக்கு அதுதான் காரணம்.

என் அக்கா வீடு புறவழிச் சாலை ஓரத்தில் இருக்கிறது. வீட்டுச் சுவருக்கும் முதல் தடத்துக்கும் நடுவே பதினோரு மீட்டர். நானே டேப் பிடித்து அளந்தேன். ஜன்னலைத் திறந்தால் டிவி கேட்காது, மூடினால் மூச்சு முட்டும். அக்கா போனில் பேசும்போது வாக்கியத்தின் நடுவில் நிறுத்துவாள், லாரி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். அப்படிச் செய்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. அந்த வரிசையில் இருபத்தெட்டு வீடு. எல்லாரும் மூன்று வருஷம் மனு மேல் மனு கொடுத்து, கடைசியில் என் பழைய கணக்கை ஆதாரமாக வைத்து, மூன்று மீட்டர் உயரத்துக்குத் தடுப்புச் சுவர் எழுப்புவது என்று முடிவானது.

அக்கா அன்றைக்கே சொல்லிவிட்டாள். "சுவர் வந்தா இங்க இருப்பேன். வரலேன்னா பெரியவன் வீட்டுக்குப் போயிடுவேன். உங்க அத்தான் தனியா உக்காந்து வண்டிகளோட குடித்தனம் பண்ணட்டும்."

அக்கா ஒரு விஷயத்தை ஒருமுறைதான் சொல்வாள். அதைச் செய்தும் விடுவாள். அத்தானுக்கோ அந்த வீட்டை விட்டு வர மனசில்லை. முப்பத்து நாலு வருஷம் மோட்டார் மெக்கானிக்காக இருந்தவர். பானட்டைத் திறக்காமலே, பக்கத்தில் நின்று கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மூணாவது சிலிண்டர் மூச்சு விடல" என்று சொல்வார். திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும். பட்டறையை மூடி நாலு வருஷம் ஆகியும் ஞாயிற்றுக்கிழமையானால் யாராவது ஒருத்தர் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "ஐயா, கொஞ்சம் காது கொடுங்க" என்பார்கள். பைசா வாங்க மாட்டார். அதில்தான் மனுஷன் நடமாடிக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. எலக்ட்ரிக் வண்டியும், இன்ஜினும் பேட்டரியும் மாறி மாறி ஓட்டும் ஹைப்ரிட் வண்டியும் பெருகிவிட்டதால், சுவர்களுக்கு டெண்டர் விடுவதற்கு முன் அந்த வண்டிகளையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட வேண்டுமாம். என் மேலதிகாரியிடம் போனேன். அவருக்கு நாங்கள் வைத்த பேர் 'சுருக்கம்'. எந்த அறிக்கையானாலும் முதல் பக்கத்துச் சுருக்கத்தைத் தாண்டி அவர் படித்ததாகச் சரித்திரம் இல்லை.

"சார், மைக் சத்தத்தை அளந்துடும், ராடார் வேகத்தை அளந்துடும். ஆனா போன வண்டி பெட்ரோலா எலக்ட்ரிக்கான்னு ரெண்டுக்கும் தெரியாது. பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து டிக் போடணும். நாலு நாளைக்கு ஒரு ஆள் கொடுங்க."

"ஆள் கிடையாது. நீயே ஏற்பாடு பண்ணிக்கோ," என்றார்.

ஏற்பாடு பண்ணிக்கொண்டேன். அத்தான் எப்படியும் நாளெல்லாம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர். வண்டி பற்றி அவரைவிடத் தெரிந்தவர் யார்? மைக்கைச் சாலையை ஒட்டி முக்காலியில் நிறுத்தினேன். தாளை அவர் கையில் கொடுத்தேன். மூன்று கட்டம்: பெட்ரோல் அல்லது டீசல், ஹைப்ரிட், எலக்ட்ரிக். "எலக்ட்ரிக்னா நம்பர் பிளேட்டே பச்சையா இருக்கும் அத்தான். ஹைப்ரிட்னா பின்னாடி எழுதியிருக்கும். அதைப் பார்த்துப் போட்டா போதும்," என்று விளக்கினேன்.

"எனக்கே சொல்லித் தர்றியா இன்ஜினியரம்மா?" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே ஆபீசுக்குப் போய்விட்டேன். நாலு நாளில் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. என்னை எதால் அடிப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு வண்டிகள். ஒன்றுகூட விடாமல் டிக். அவ்வளவு சுத்தமான தாளை என் சர்வீசில் பார்த்ததில்லை. கணினியில் ஏற்றினேன், ஓடவிட்டேன். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் எலக்ட்ரிக் வண்டி பெட்ரோல் வண்டியைவிட ஆறு டெசிபல் குறைவு என்று வந்தது.

இங்கே நான் சுதாரித்திருக்க வேண்டும். உலகத்தில் இதை அளந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்வது, நாற்பதைத் தாண்டிவிட்டால் நம் காதில் விழுவது பெரும்பாலும் இன்ஜின் இல்லை, தார் மேல் உருளும் டயர் என்பதுதான். எலக்ட்ரிக் வண்டிக்கும் டயர் நாலுதான். பேட்டரி கனத்துக்கு இன்னும் அகலமான டயர் வேறு. அறுபதில் இரண்டுக்கும் ஒரு டெசிபல் வித்தியாசம் வந்தாலே பெரிசு. ஆறு என்றால் ஏதோ பிசகு என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் சாலையில் ஏதோ விசேஷம் இருக்கிறது, இதுவரை யாரும் கண்டுபிடிக்காததை நான் கண்டுபிடித்துவிட்டேன், மாநாட்டுக்குக் கூப்பிடுவார்கள், என்ன உடை உடுத்துவது என்கிற வரை யோசித்துவிட்டேன்.

சுருக்கம் சுருக்கத்தைப் படித்தார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக எழுந்து நின்று கை கொடுத்தார். "பிரமாதம்! அப்போ பன்னெண்டு வருஷத்துல பாதி வண்டி எலக்ட்ரிக் ஆயிடும், சத்தம் தானா குறைஞ்சிடும். சுவரே தேவையில்லன்னு எழுதிடலாமே!"

அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. என் அக்காவின் சுவரை நானே இடித்திருக்கிறேன், கட்டுவதற்கு முன்பே. வாயைத் திறப்பதற்குள் அவர் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டார். வியாழக்கிழமை நகராட்சிக் குழு கூடி ஒப்புதல் கொடுத்துவிட்டால் அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் அக்காவிடம் விஷயத்தைச் சொல்லப் போனேன். நான் சொல்வதற்கு முன்பே வரிசை முழுக்கச் செய்தி பரவியிருந்தது. அக்கா டீ கொடுத்தாள், சர்க்கரை போடவில்லை. "உன் கூடப் பிறந்ததுக்கு எனக்கு நல்லா வேணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் வெறும் டீயை விழுங்கிக்கொண்டு அத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அத்தான் சாலைக்கு முதுகைக் காட்டி, வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. பின்னால் ஒரு பெரிய கார் உறுமிக்கொண்டு போயிற்று.

"டீசல். பேரிங் தேய்ஞ்சிருக்கு," என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். பச்சை நம்பர் பிளேட் பளபளத்தது. புத்தம் புது எலக்ட்ரிக் கார்.

அடுத்து ஒரு சின்னக் கார் வழுக்கிக்கொண்டு போனது. "இது எலக்ட்ரிக். பாரு, பூனை மாதிரி போகுது," என்றார். அது பெட்ரோல் கார். அதுவும் எங்கள் ஆபீஸ் கார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அத்தான்," என்றேன் மெதுவாக, "அந்த நாலு நாளும் எந்தப் பக்கம் பார்த்து உக்காந்திருந்தீங்க?"

"இப்படித்தான். காலையில வெயில் நேரா மூஞ்சில அடிக்குது, கண்ணுல தண்ணி வருது."

"அப்போ நம்பர் பிளேட்டை எப்படிப் பார்த்தீங்க?"

"நம்பர் பிளேட்டைப் பார்த்து வண்டியைச் சொல்றதுக்கு மெக்கானிக் எதுக்கு? போலீஸ்காரன் போதுமே! இன்ஜின் கேட்டுச்சுன்னா பெட்ரோல், டீசல். கேட்டும் கேக்காம இருந்தா அந்த ரெண்டுங்கெட்டான், ஹைப்ரிட். ஒண்ணுமே கேக்கலேன்னா எலக்ட்ரிக்."

தலையில் அடித்துக்கொண்டேன். சத்தம் குறைவான வண்டிகளையெல்லாம் பொறுக்கி ஒரு பக்கம் வைத்து, அவற்றுக்கு 'எலக்ட்ரிக்' என்று பேர் வைத்திருக்கிறார் மனுஷன். பிறகு நான் போய், எலக்ட்ரிக் வண்டிகளுக்குச் சத்தம் குறைவு என்று கண்டுபிடித்திருக்கிறேன். உயரமானவர்களை ஒரு வரிசையில் நிறுத்திவிட்டு, இந்த வரிசையில் எல்லாரும் உயரமாக இருக்கிறார்களே என்று ஆச்சரியப்படுவதும் இதுவும் ஒன்று. இதற்கு ஒரு மாநாடு வேறு!

"அத்தான், உங்க டிக்கெல்லாம் தப்பு. அறுபதுல போறப்ப டயர் சத்தம் இன்ஜினை முழுங்கிடும். உங்க காதுக்கே கேக்காது."

"டயர் சத்தமெல்லாம் ஒரு சத்தமா? அது ரோடு போடுற சத்தம். நான் கேட்கறது வண்டியை." முகம் சிவந்துவிட்டது. "முப்பத்து நாலு வருஷம் இந்தக் காதை நம்பி ஊரே வண்டியை விட்டுட்டுப் போச்சு. நேத்து வந்த மைக் சொல்லுதுன்னு என் காது தப்புங்கிறியா? குழுவுக்கு நானும் வர்றேன். அங்க சொல்லு பார்ப்போம்."

அக்கா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "என் சுவரைக் கெடுத்தது உங்க காதா?" என்றாள்.

"காதைக் குறை சொல்லாதே," என்றார் அத்தான்.

"சரி. அந்தக் காதையே வச்சுக்கிட்டு நல்லா இருங்க," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் முன்பே சொன்னேனே, அவள் ஒருமுறைதான் சொல்வாள்.

வியாழக்கிழமை குழு கூடியது. நீண்ட மேஜை, ஆறு உறுப்பினர்கள், தலைமை இடத்தில் தலைவர். மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் தூக்கிவிட்டுக்கொண்டு எதையும் படிக்காமலே தலையாட்டக் கூடியவர். பின்வரிசையில் அத்தான், வெளுத்த சட்டை, படிய வாரிய தலை. என் பக்கத்தில் சுருக்கம். நான் எழுந்தேன்.

"ஐயா, இந்த அறிக்கையை நான் திரும்ப வாங்கிக்கிறேன். வண்டிகளை ரகம் பிரிச்சதுல தப்பு நடந்துபோச்சு. கண்ணால பார்த்துப் பிரிக்காம காதால கேட்டுப் பிரிச்சிருக்கு. அதனால முடிவே செல்லாது."

சுருக்கம் என் சேலை முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை. தலைவர் கண்ணாடியை இறக்கினார்.

"காதால கேட்டதா? யார் கேட்டது?"

"எங்க அத்தான், ஐயா. அதோ பின்னாடி உக்காந்திருக்கார். முன்னாடி தண்ணித் தொட்டி பக்கத்துல மெக்கானிக் பட்டறை வச்சிருந்தாரு."

"அட! அவரா?" தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. "அவர் காதால கேட்டாரா? அதைச் சொல்லும்மா முதல்ல! அவர் காதுன்னா அதுக்கு மேல அப்பீலே கிடையாதே!"

அவ்வளவுதான். அந்த அறையில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். ஒருத்தருடைய வண்டியில் கம்பெனிக்காரனே கண்டுபிடிக்க முடியாத கோளாறை அத்தான் தெருமுனையிலிருந்தே கண்டுபிடித்தாராம். உறுப்பினரான ஒரு வழக்கறிஞர் அம்மா, கார் வாங்குவதற்கு முன்னால் அத்தானைப் போனில் இன்ஜின் சத்தத்தைக் கேட்கவைத்தாராம். என் ஏழு வருஷ வேலையைப் பற்றி ஒரு கதையும் இல்லை. நான் டயர், தார், டெசிபல் என்று ஏதேதோ சொன்னேன். யார் கேட்டார்கள்? அறிக்கை செல்லாது என்பதற்காக நான் சொன்ன காரணமே அறிக்கைக்கு முத்திரை குத்திவிட்டது.

"வாதம் எதுக்கு?" என்றார் தலைவர். "சாலைக்கே போவோம். அவர் முதுகைக் காட்டி உக்காரட்டும். பத்து வண்டி. சரியாச் சொன்னா அறிக்கை சரி, சுவர் வேண்டாம். தப்பாச் சொன்னா அறிக்கையைக் கிழிச்சுப் போட்டுட்டு, மறுபடி எண்ணுற வரைக்கும் பழைய கணக்கே நிக்கட்டும்; சுவருக்கு டெண்டர் விட்டுடலாம்."

மத்தியானம் இரண்டு மணிக்கு அக்கா வீட்டு வாசலில் நகராட்சியே வந்து நின்றது. பாதுகாப்பு விதி என்று எல்லாருக்கும் ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும் மேலங்கி மாட்டிவிட்டார் சுருக்கம். அத்தான் தன் நாற்காலியைச் சாலைக்கு முதுகு காட்டிப் போட்டார். நேர் எதிரே அவருடைய வீட்டு வாசல். அவர் கண்ணை மூடக்கூட இல்லை. தேவையில்லை என்கிற மிதப்பு.

முதல் வண்டி வந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஓரத்தில் ஆரஞ்சு மேலங்கியோடு ஒன்பது பேர் நின்றால் எந்த ஓட்டுநர் அறுபதில் போவான்? ஏதோ சோதனை என்று நினைத்து ஒவ்வொருத்தனும் பிரேக்கை மிதித்து, கல்யாண ஊர்வலம் போல ஊர்ந்து போனான். அந்த வேகத்தில் டயர் சத்தமே இல்லை, இன்ஜின்தான் கேட்கும். எலக்ட்ரிக் வண்டியோ, நடந்து போகிறவர்கள் அடிபடக் கூடாது என்பதற்காக, மெதுவாகப் போனால் தானாகவே 'ஊ' என்று ஒரு சத்தம் போடும்படி செய்யப்பட்டது. அதைக் கைக்குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

"பெட்ரோல்," என்றார் அத்தான். சரி.

"எலக்ட்ரிக்." சரி.

"டீசல். இன்ஜெக்டர்ல அழுக்கு." ஓட்டுநரை நிறுத்தியே கேட்டார் தலைவர். போன வாரம்தான் மெக்கானிக் அதையே சொன்னானாம்.

"ரெண்டுங்கெட்டான். இப்பத்தான் இன்ஜினை அணைச்சு பேட்டரிக்கு மாறுது." அதுவும் சரி. வழக்கறிஞர் அம்மா கைதட்டினார்.

"ஐயா, இது செல்லாது!" என்று நான் குறுக்கே பாய்ந்தேன். "எல்லாரும் மெதுவாப் போறாங்க! வேகமாப் போகச் சொல்லணும்!"

தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, நகராட்சிக் குழு நடுரோட்ல நின்னு, எல்லாரும் வேகமாப் போங்கன்னு சொல்லணுமா? பேப்பர்ல வரும்மா."

ஐந்து, ஆறு, ஏழு. ஏழும் சரி. அத்தான் நாற்காலியில் அரை அடி உயர்ந்துவிட்டது போல இருந்தார். சுருக்கம் பேனாவைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டார். இன்னும் மூன்று வண்டி. இருபத்தெட்டு வீட்டுச் சுவரும் என் கண் முன்னால் சரிந்துகொண்டிருந்தது. அழுகையாக வந்தது எனக்கு. சத்தம் போட்டு அழுதிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது.

எட்டாவது வண்டிக்குக் காத்திருந்தபோது வீட்டு வாசல் திறந்தது. அக்கா வெளியே வந்தாள். வெளியூர் போகும்போது உடுத்தும் சேலை. கையில் நீலப் பெட்டி. அதைப் படியில் வைத்தாள், கொடியில் கிடந்த அத்தானுடைய இரண்டு சட்டையை எடுத்து மடித்து வீட்டுக்குள்ளே வைத்துவிட்டு வந்தாள், கைப்பையிலிருந்து போனை எடுத்து வாடகைக் காருக்கு யாரிடமோ பேசினாள். எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குழுவில் எல்லாரும் சாலையைப் பார்த்து நின்றார்கள், யாருக்கும் தெரியாது. வீட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தது அத்தான் ஒருத்தர்தான். அவர் பார்வை போன பக்கம் திரும்பிப் பார்த்ததால் நானும் பார்த்தேன்.

எட்டாவது, ஜல்லி ஏற்றிய லாரி. சரிவில் வந்ததால் ஓட்டுநரால் வேகத்தைக் குறைக்க முடியவில்லை. சைலன்சர் உடைந்து தொங்கியது. தூரத்தில் வரும்போதே தரை அதிர்ந்தது. தலைவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். வழக்கறிஞர் அம்மா ஏதோ சொன்னார், வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. நான் கொண்டுவந்திருந்த மைக்கின் பெட்டி தொண்ணூற்று நாலு டெசிபல் காட்டியது.

"எலக்ட்ரிக்," என்றார் அத்தான்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் நாற்காலியை இறுகப் பிடித்திருந்தன.

"ஐயா," என்றார் தலைவர் தயங்கி, "இன்னொரு தடவை சொல்லுங்க."

"எலக்ட்ரிக்தான். சந்தேகமே இல்ல."

ஒன்பதாவது, புகை கக்கிக்கொண்டு படபடவென்று வெடித்தபடி போன ஒரு பழைய ஸ்கூட்டர். தெருநாய் ஒன்று அதைத் துரத்திக்கொண்டு ஓடியது.

"இதுவும் எலக்ட்ரிக். பேட்டரி கொஞ்சம் டவுன்."

முதலில் சிரித்தது ஓர் உறுப்பினர். பிறகு சுருக்கம். பிறகு வழக்கறிஞர் அம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டார். பத்தாவது ஒரு டிராக்டர். அதற்கும் அத்தான் எலக்ட்ரிக் என்றார், குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல். "பாவம், வயசாயிடுச்சு போல. முதல் ஏழும் குருட்டாம்போக்குல சொல்லியிருக்காரு," என்று யாரோ பின்னால் சொன்னது எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்டதென்றால் அவருக்குக் கேட்காமலா இருக்கும்?

நியாயமாகப் பார்த்தால் நான் அப்போது பேசியிருக்க வேண்டும். இந்தச் சோதனையும் தப்பு, மனுஷன் வேண்டுமென்றே சொல்கிறார், முறையாக மறுபடி அளப்போம் என்று சொல்வதுதான் என் படிப்புக்கு அழகு. ஆனால் அந்த ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு டிக்கும் தப்பு என்பது உண்மை, சுவர் தேவை என்பது உண்மை. உண்மைக்காக அவர் ஒரு பொய் சொல்லிவிட்டார், அதைக் கெடுக்க நான் யார்? வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஏழு வருஷத்தில் நான் செய்த உருப்படியான வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

தலைவர் அத்தான் தோளில் கை வைத்தார். "ஐயா, ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. ஒரு காது டாக்டரைப் பார்த்துடுங்க. எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காரு," என்று உரக்க, ஒவ்வொரு வார்த்தையாக, காது கேட்காதவரிடம் பேசுவது போலச் சொன்னார். பிறகு சுருக்கத்தின் பக்கம் திரும்பினார். "அந்த அறிக்கையைத் தூக்கிப் போடுங்க. கேமரா வச்சு, நம்பர் பிளேட்டைப் பார்த்து மறுபடி எண்ணுங்க. அது வர்ற வரைக்கும் பழைய கணக்குதான். சுவருக்கு டெண்டர் விடலாம்."

சுருக்கம் பேனாவை மூடினார். என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த மாதம் என் மேஜை கழிவறைக்குப் பக்கத்தில் இருக்கும் என்பது தெரிந்தது. இருக்கட்டும்.

நான் வீட்டுப் பக்கம் பார்த்தேன். அக்கா போனைக் காதில் வைத்தபடி அப்படியே நின்றிருந்தாள். சாலையையும் பார்க்கவில்லை, தலைவரையும் பார்க்கவில்லை. அத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரிச் சத்தத்தை அவளும்தானே கேட்டாள்? அந்த மனுஷனுடைய காதைப் பற்றி அவளுக்குத் தெரியாததா?

"வண்டி வேண்டாம்ப்பா," என்று போனில் சொன்னாள். பெட்டியைத் தூக்கினாள். உள்ளே போகத் திரும்பியவள் நின்று, "என்னங்க, வெயில்ல உக்காந்தது போதும், உள்ள வாங்க," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

குழு மேலங்கிகளைக் கழற்றிக்கொண்டு கிளம்பியது. அத்தான் இன்னும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். ஒருத்தரும் "வர்றோம் ஐயா" என்று சொல்லவில்லை. பரிதாபப்பட்டு ஒதுங்கிப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை இனி இந்த வாசலில் ஒரு வண்டியும் வந்து நிற்காது. அது அவருக்கும் தெரியும்.

வழக்கறிஞர் அம்மா தன் காரில் ஏறிச் சாவியைத் திருகினார். இன்ஜின் ஓடத் தொடங்கியது. எனக்கு எல்லாக் கார் போலத்தான் கேட்டது.

அத்தான் சட்டென்று நிமிர்ந்தார். பாதி எழுந்துவிட்டார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். மெதுவாக உட்கார்ந்து, என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அந்தம்மா காருக்குப் பெல்ட் அறுந்துபோகப் போகுது. நாளைக்கோ நாளன்னைக்கோ, நடுரோட்ல நின்னுடும். ஓடு, நீ போய்ச் சொல்லு. நான் சொன்னா இனிமே நம்ப மாட்டாங்க."

கார் நகரத் தொடங்கியிருந்தது. நான் ஓடினேன்.